கை பழகிய ஆயுதம்: ஜாம்பி கதை எழுதுகிறவர்களுக்குக் கேள்வி பதில்

சென்ற இதழில் காவிரிப் படுகையில் நடக்கிற ஜாம்பி கதைகளைப் பற்றி எழுதியபோது, யார் கையில் எந்த ஆயுதம் கொடுப்பது என்று சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஆசையாகப் படித்தேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பதில் சொல்ல வசதியாக ஒரு பொது விதி வைத்துக்கொள்வோம்: செத்தவர் எழுந்து மெதுவாக நடக்கிறார், சத்தம் கேட்ட பக்கம் வருகிறார், தலையில் அடிபட்டால்தான் விழுகிறார், அவர் கடித்தால் கடிபட்டவரும் அப்படியே ஆகிவிடுகிறார். உங்கள் கதையில் ஜாம்பி ஓடுகிறது என்றால் கீழே சொல்வதில் பாதி மாறிவிடும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் நாயகன் மன்னார்குடிப் பையன், கல்லூரியில் படிக்கிறான். அவனுக்கு ஜப்பானியக் கட்டானா வாள் கொடுத்திருக்கிறேன். படித்துப் பார்த்த நண்பன் "ஒட்டலடா" என்கிறான். ஏன் ஒட்டவில்லை?
- வாசகர், மன்னார்குடி

நண்பர் சொல்வது சரி. ஆனால் வாள் ஜப்பானில் பிறந்தது என்பதால் இல்லை. அந்தப் பையனுடைய கைக்கும் அந்த வாளுக்கும் ஒரு நாள் பழக்கம்கூடக் கிடையாது, அதனால்தான் ஒட்டவில்லை. கட்டானா ஏறக்குறைய ஒரு கிலோ எடை இருக்கும். வீசும்போது கூரான விளிம்பு போகிற திசையும் கை போகிற திசையும் ஒன்றாக இருக்க வேண்டும், கொஞ்சம் திரும்பினாலும் வாள் வெட்டாமல் வழுக்கும், மணிக்கட்டு பிசகும். எண்ணெய் போட்டுத் துடைக்காவிட்டால் துருப் பிடிக்கும், அதுவும் நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒரே வாரத்தில். அலங்காரத்துக்கு விற்கிற வாள் என்றால் இன்னும் மோசம், பிடிக்குள் ஒல்லியான ஒரு கம்பிதான் ஓடும், முதல் அடியிலேயே அலகு கழன்று வரும்.

அப்படியானால் மன்னார்குடி வீட்டில் என்ன இருக்கும்? இங்கே சட்டம் உங்களுக்கு ஒரு நல்ல வழி காட்டுகிறது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகு உள்ளவற்றை ஆயுதம் என்று கணக்கில் எடுக்கின்றன. ஆனால் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆக, டெல்டாவில் ஒரு வீட்டில் இருக்கிற கூரான பொருள் எல்லாமே ஏதோ ஒரு வேலைக்கு வந்தது. அந்த வேலையைச் செய்தவர் யார் என்று கேளுங்கள், உங்கள் கதாபாத்திரம் அங்கேயே கிடைத்துவிடும்.

கருக்கு அரிவாளை எடுத்துக்கொள்ளுங்கள். அறுப்பு அறுக்கிறவர் பக்கத்தில் நின்று அந்தக் கையைப் பாருங்கள். இடது கை முதலில் போய்த் தாளைக் கொத்தாகச் சேர்த்துப் பிடிக்கும். அப்புறம்தான் வலது கை அரிவாளைச் சுற்றிக் கொடுத்துத் தன் பக்கம் இழுக்கும். கறக், அடுத்த கொத்து, கறக். எங்கள் அத்தை முப்பது வருஷம் அப்படி அறுத்தவர், அவருடைய இடது சுண்டுவிரல் ஓரத்தில் நீளமாக ஒரு தழும்பு, அறுப்பு அறுத்த பெண்கள் பலர் கையில் அதைப் பார்க்கலாம். இந்த அரிவாளால் வெட்ட வேண்டுமென்றால் வெட்டப்போகிற பொருளை இடது கையால் பிடித்தாக வேண்டும். ஜாம்பி என்று வரும்போது அது தலைமுடி, அல்லது சட்டைக் காலர். அதாவது கடிக்கிற வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் உங்கள் கை இருக்கிறது! பழக்கமே இல்லாதவர் பயந்து சும்மா வீசுவார், தப்பித்தும் விடுவார். முப்பது வருஷம் அறுத்தவர் யோசிக்காமலே இடது கையை நீட்டிவிடுவார். அவருக்கு அந்தப் பழக்கமே ஆபத்து. இதை எழுதினால் படிக்கிறவர் மூச்சு நிற்கும், கட்டானாவால் அதைச் செய்ய முடியாது.

உங்கள் பையனுக்கு மண்வெட்டி கொடுங்கள். பள்ளிக்கூடம் படிக்கும்போது அப்பாவோடு வரப்பு வெட்டியிருப்பான், மடை திறந்திருப்பான். கல்லூரிக்குப் போய் மூணு வருஷமாகத் தொடவில்லை. முதல் நாள் அடித்துவிடுவான், உடம்புக்கு அந்த ஓங்கல் நினைவிருக்கும். இரண்டாம் நாள் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், காம்பைப் பிடிக்க முடியாது. அந்த இரண்டாம் நாளிலிருந்து கதையை எழுதுங்கள்.

திருவையாற்றில் ஒரு பாட்டி, வயது அறுபத்தெட்டு. அவர் கையில் உலக்கை. சரியா?
- வாசகி, திருவையாறு

ரொம்பச் சரி. ஆனால் உலக்கையை யாரும் சுழற்றுவதில்லை என்பதை மறக்க வேண்டாம். ஓங்கித் தூக்கி, நேர்க்குத்தாக இறக்குவது உலக்கை. வேலையில் பாதியை அதன் எடையே செய்துவிடும், நுனியில் இரும்புப் பூண் வேறு. பக்கவாட்டில் வீசினால் பாட்டியின் இடுப்பு பிடித்துக்கொள்ளும், அத்தோடு கதை முடிந்தது. எனவே நிற்கிற ஜாம்பியைப் பாட்டியால் ஒன்றும் செய்ய முடியாது, விழுந்து கிடக்கிறதைத்தான் முடிக்க முடியும். விழ வைக்க இன்னொருவர் வேண்டும்.

பழைய ஓட்டு வீட்டின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். வாசல், திண்ணை, அப்புறம் ஒடுக்கமான ரேழி, அதைத் தாண்டினால் கூடமும் முற்றமும். ரேழிக்குள் ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் வர முடியும். உயரமான நிலைப்படி. அதற்கு உள்பக்கம் முழங்கால் உயரத்தில் கிணற்றுக் கயிறு. தடுக்கி விழுகிற இடத்தில் பாட்டி நிற்கிறார், எதிரே மருமகள். முன்பெல்லாம் ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றிக் குத்துவார்கள், ஒருவர் உலக்கை ஏறும்போது மற்றவர் உலக்கை இறங்கும், இடிக்காது. ஒவ்வொரு குத்துக்கும் "உஸ்" என்று மூச்சு விடுவார்கள், அந்தச் சத்தம்தான் தாளம். குத்தும்போது பாடுகிற பாட்டுக்கு வள்ளைப்பாட்டு என்றே தமிழில் பெயர் உண்டு. ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மாமியாரும் மருமகளும் என்று வைத்துப் பாருங்கள். ஒரு வார்த்தை பேசாமல், அந்த மூச்சை மட்டும் கேட்டு, உலக்கை மாற்றுகிறார்கள். இதை நீங்கள் எழுதினால் முதலில் படிக்க ஆசைப்படுகிறவன் நான்.

திருவாரூர்ப் பக்கம் ஒரு ஏட்டையா என் கதையில் வருகிறார். ஏ.கே. 47 கொடுத்தால் வேகம் கூடுமே?
- வாசகர், கொரடாச்சேரி

ரோந்து போகிற ஏட்டையா கையில் இருப்பது லத்தி. துப்பாக்கி நிலையத்தில் பூட்டியிருக்கும், தோட்டா ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுதியாக வேண்டும். இருபது வருஷம் அந்தக் கணக்கை எழுதிய மனிதர், உலகமே கவிழ்ந்த பிறகு பூட்டை உடைத்துத் துப்பாக்கியை எடுக்கிறார் என்று வையுங்கள். சுட்ட பிறகும் நோட்டில் எழுதுவார், நேரம், இடம், எத்தனை தோட்டா, எதற்கு. அவர் சுட்டவர்களில் ஊர்க்காரர்கள் இருப்பார்கள், பெயரும் தெரியும். அந்த நோட்டு ஒன்றே ஒரு முழுக்கதை.

துப்பாக்கி கட்டாயம் வேண்டும் என்றால் வங்கிக் காவலரை யோசியுங்கள். பெரும்பாலும் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கி. இரண்டு முறை சுடலாம், அப்புறம் மடக்கித் திறந்து காலித் தோட்டாவை எடுத்துவிட்டு அடுத்த இரண்டைப் போட வேண்டும். கை நடுங்காதவருக்கே சில விநாடிகள் ஆகும். நம்ம ஊர் வெட்டவெளி, அறுப்பு முடிந்த வயல் வழியாக ஒரு வெடிச் சத்தம் அடுத்த ஊர் வரை போகும். சத்தத்துக்கு வருகிற ஜாம்பி என்றால் ஒவ்வொரு சூடும் பத்து பேரை அழைத்து வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் கதையில் பயன்படுத்திப் பார்த்ததாக நினைவில்லை. தேர்தல் அறிவித்தால் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், வங்கிக் காவலர்களுக்குப் பெரும்பாலும் விலக்கு கிடைக்கும். உங்கள் கதை தேர்தல் மாதத்தில் தொடங்கினால் ஊரில் எந்தப் பெரிய வீட்டிலும் துப்பாக்கி இல்லை, எல்லாம் ஒரே அறையில், உங்கள் ஏட்டையாவின் சாவிக்கொத்தில்.

துப்பாக்கி இல்லாமல் கதை மந்தமாகும் என்று பயப்பட வேண்டாம். 2016-ல் வந்த கொரியப் படம் 'ட்ரெயின் டு புசான்' ஞாபகம் இருக்கும். ரயிலில் மாட்டிக்கொண்ட பயணிகள் கையில் துப்பாக்கி கிடையாது, கொரியாவில் சாதாரண மக்கள் துப்பாக்கி வைத்துக்கொள்வது எளிதல்ல. முன்கையில் டேப்பைச் சுற்றிக்கொண்டு, பள்ளி அணியின் பேஸ்பால் மட்டையோடு பெட்டி பெட்டியாக முன்னேறுவார்கள். வெறும் கையோடு மோதுகிற ஒரு பெரிய உடம்புக்காரர் வருவாரே, அவர் யார், எப்படிப்பட்டவர் என்பதை அந்தக் கையே சொல்லிவிடும்.

பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்பில் நடக்கிற கதை. மரம் அறுக்கிற மோட்டார் ரம்பம்தான் நாயகனின் ஆயுதம். கருத்து சொல்லுங்கள்.
- வாசகர், பேராவூரணி

உங்கள் பக்கத்து ஊர்க்காரன் நான், இதற்குப் படித்தறிந்த பதில் தேவையில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தோப்பில் நின்ற மரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் படுத்துவிட்டது, தெருவிலும் வீட்டு மேலேயும். மூன்றாம் நாள் வாடகைக்கு ஒரு மோட்டார் ரம்பம் கிடைத்தது. அந்த ரம்பத்துக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும். கொடுத்தவர் வெறும் பெட்ரோலை ஊற்றிக் கொடுத்திருக்கிறார். அரை மணி நேரத்தில் என்ஜின் இறுகி நின்றுவிட்டது, அதற்கும் எங்களிடமே பணம் கேட்டார். அடுத்து வந்த ரம்பம் ஓடியது, ஆனால் தென்னை மரம் ரம்பத்தின் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும், மூன்று மரத்துக்கு ஒரு தரம் நிறுத்தி அரம் போட்டுத் தீட்ட வேண்டியிருந்தது. அரம் போடுகிற நேரம் முழுக்க அந்த ஆள் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்.

வழியைத் திறந்தது கடைசியில் சித்தப்பாவின் கோடாலி. உள்ளங்கையில் ஈர மண்ணைத் தேய்த்துக்கொள்வார், காலை அகட்டி வைப்பார், மேலிருந்து சாய்வாக ஒன்று, கீழிருந்து சாய்வாக ஒன்று, சிராய் தெறிக்கும். அவசரமே படமாட்டார். பத்து அடி அடித்துவிட்டு நின்று மூச்சு வாங்குவார். மரத்துக்கு அது போதும். எதிரில் நிற்பது ஜாம்பி என்றால் அந்த மூச்சு வாங்குகிற நேரத்தில் அவருக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், அது யார் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள்.

ரம்பம் யாருக்குப் பொருந்தும் என்றால், மரம் வெட்டுவதே பிழைப்பாக உள்ளவருக்கு. அவர் பையில் அரம், மாற்றுச் சங்கிலி, கயிறு எல்லாம் இருக்கும். ஆனால் அவர் அதை ஜாம்பி மேல் வைக்க மாட்டார். எலும்பிலும் துணியிலும் சங்கிலி சிக்கினால் ரம்பம் எகிறித் தன் முகத்துக்கே வரும் என்று அவருக்குத் தெரியும். ரோட்டோரத் தென்னையை எந்தப் பக்கம் சாய்த்தால் தெரு அடைபடும் என்று பார்ப்பார். கஜா ஒரே ராத்திரியில் எல்லாத் தெருவையும் அப்படித்தான் அடைத்தது. ஒரு புயலைப் பார்த்தவர் அதைத் தன் கையால் செய்கிறார் என்றால் உங்கள் கதைக்கு அடித்தளம் வந்துவிட்டது.

குத்துவிளக்கால் அடிக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

அடிக்கலாம். நாச்சியார்கோயில் விளக்கு என்றால் நல்ல கனம். அது ஒரே துண்டாக இருக்காது, அடிபாகம், தண்டு, தட்டு, உச்சி எல்லாம் மரை போட்டுத் திருகிச் சேர்ப்பது. தண்டை மட்டும் கழற்றினால் பிடிக்க வாகாக இருக்கும். கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த விளக்கை ஒரு பெண் திருகிக் கழற்றுகிறாள், எண்ணெய்ப் பிசுக்கில் மரை கழலவில்லை, கதவு அசைகிறது. இதில் அடி விழுவதை எழுதாமல்கூட விட்டுவிடலாம்.

நாகப்பட்டினம் மீனவர் என் முக்கியப் பாத்திரம். ஈட்டி மாதிரி ஏதாவது கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.
- வாசகர், நாகூர்

வலை கொடுங்கள். வீச்சு வலை. விளிம்பு முழுக்க ஈயக் குண்டு கோத்திருப்பார்கள், வீசும்போது வட்டமாக விரிந்து விழும். வீசுகிறவர் வலையில் ஒரு பகுதியை முழங்கையில் போட்டுக்கொண்டு, ஒரு பகுதியைத் தோளில் தள்ளி, விளிம்பில் ஒரு முனையைப் பல்லில் கடித்துப் பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடம்பைத் திருப்பி விடுகிற அந்த நொடியில் பல்லை விட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் வலை மடங்கி விழும். வலைக்குள் மாட்டிய ஜாம்பிக்கு அவிழ்க்கத் தெரியாது, இழுக்க மட்டும்தான் தெரியும், இழுக்க இழுக்க இறுகும். நாலு பேரை ஒரே வீச்சில் தரையில் உட்கார வைக்கலாம். சத்தம் கிடையாது, ரத்தம் கிடையாது, கடிக்கிற தூரத்துக்குப் போகவும் வேண்டாம்.

ஆனால் ஒரு தரம் வீசிய வலையைத் திரும்ப எடுக்க முடியாது, பிடித்தது உள்ளே இருக்கிறதே. மீனவருக்கு வலை என்றால் கடன், நகை அடகு, வருஷக்கணக்கில் கிழிசல் தைத்த உழைப்பு. அதை விட்டுவிட்டு ஓடுகிறபோது அவர் முகத்தில் என்ன இருக்கும்? ஈட்டி கொடுத்தால் இந்தக் கேள்வியே வராது. வலையை வைத்து எழுதுங்கள்.

தீப்பந்தம் பற்றி? செலவில்லாத ஆயுதம், குடிசைப் பகுதியில் நடக்கிற கதைக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன்.
- வாசகர், கீழ்வேளூர்

1968-ல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தில் எழுந்து வருகிற பிணங்கள் நெருப்பைக் கண்டால் பின்வாங்கும். தீப்பந்தப் பழக்கம் இந்த வகைக் கதைக்கு வலுவாக வந்தது அதிலிருந்துதான். நாம் வைத்த விதிப்படி பார்த்தால், தலை வேகும்வரை ஜாம்பி நடந்துகொண்டே இருக்கும், எரிந்தபடி. தை மாசி, எங்கு பார்த்தாலும் வைக்கோல் போர், கூரை எல்லாம் காய்ந்து கிடக்கிறது. எரிகிற ஒரு உருவம் தெருவுக்குள் நடந்து வந்தால் ஊரே போய்விடும். அதனால் தீப்பந்தத்தை எடுப்பவர் வெளியூர்க்காரராகவோ, யோசிக்க முடியாத அளவு பயந்தவராகவோதான் இருக்க முடியும்.

இதற்கு மேல் ஒன்று சொல்ல வேண்டும், அதுவும் உங்கள் ஊர்ப்பக்கம் என்பதால். அந்தப் படம் வந்த அதே 1968-ல், டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள், அதிகமும் பெண்களும் குழந்தைகளும். கீழ்வேளூருக்கு அது தூரத்து ஊர் இல்லை. இந்த மண்ணில் குடிசை எரிகிற காட்சியை வெறும் பரபரப்புக்காக எழுதக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எழுதுங்கள், ஆனால் பந்தம் யார் கையில், குடிசை யாருடையது, உள்ளே யார் என்று தெரிந்து எழுதுங்கள். பெரிய பண்ணை வீட்டுச் சுவரில் தாத்தா காலத்துத் துப்பாக்கி தொங்கும், அதைத் துடைத்தவர் பண்ணையாளாக இருப்பார். மண்வெட்டியும் அரிவாளும் கடப்பாறையும் ஓங்கத் தெரிந்த கைகள் அடுத்த தெருவில் இருக்கும். ஜாம்பி வந்த இரவில் எந்த வீட்டுக் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதை எழுதாமல் டெல்டாவில் ஆயுதம் பற்றி எழுத முடியாது. குடிசைப் பகுதியில் நடக்கிற கதை என்றீர்களே, அங்கே இருப்பவர்களுக்கு நெருப்பு கடைசி ஆயுதமாகக்கூட இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. அதைத் தொட மறுக்கிற ஒரு பெரியவரை உங்கள் கதையில் பார்க்க விரும்புகிறேன்.

சிலம்பம் தெரிந்த பெண், தஞ்சாவூர். ஒரே கம்பால் நூறு ஜாம்பியை அடித்து வீழ்த்துகிறாள்.
- வாசகி, வல்லம்

நூறு வேண்டாமே. நெற்றி உயரத்துக்கு வெட்டிய மூங்கில் கம்பு, மண்டை ஓட்டை உடைக்கிற கனம் அதற்கு இல்லை. அதன் பலம் வேறு. சிலம்பத்தில் முதலில் சொல்லித் தருவது காலடி, கம்பு அப்புறம்தான். சுற்றிலும் ஆட்கள் நிற்கிறபோது எங்கே காலை வைத்துத் திரும்பினால் வட்டம் கலையாது என்று அவள் உடம்புக்குத் தெரியும். அவள் செய்யப்போவது இடம் பிரிப்பது. முழங்காலில் தட்டிச் சாய்ப்பாள், நெஞ்சில் குத்தித் தள்ளுவாள், தனக்குப் பின்னால் எட்டடிக்கு எட்டடி ஒரு வெற்றிடத்தை வைத்துக்கொண்டு அதற்குள் குழந்தைகளையும் வயசானவர்களையும் நடத்திக்கொண்டு போவாள். முடிக்கிற வேலைக்குப் பக்கத்தில் கடப்பாறை பிடித்த ஒருவர் வேண்டும், அது ஐந்தாறு கிலோ இரும்பு, ஓங்கினால் நிறுத்த முடியாது, ஓங்கியவருக்கு முதுகு திறந்து கிடக்கும். அந்த முதுகைக் கம்பு காக்கும். இரண்டு ஆயுதத்துக்கும் உள்ள குறை ஒன்றையொன்று அடைக்கிறது, அந்த இருவருக்கும் உள்ள குறையும் அப்படி அமைந்தால் நல்லது. சந்துக்குள் போனால் கம்பு சுழலாது, தஞ்சாவூர்க் கீழவீதிச் சந்துகளில் அவளை ஒரு தரம் மாட்ட வையுங்கள்.

நெல் அறுக்கிற மிஷினை ஜாம்பிக் கூட்டத்துக்குள் விட்டால்?
- வாசகர், நீடாமங்கலம்

மழையில் சாய்ந்த கதிருக்கே அது திணறும். துணியும் கயிறும் சுற்றினால் முன்பக்கச் சுருள் நின்றுவிடும், இறங்கிக் கையால் பிடுங்க வேண்டும். ஓட்டுகிறவரை எழுதுங்கள், அவர் வெளி மாவட்டத்துக்காரர், வீட்டை விட்டு வந்து மாதக்கணக்காகிறது, மிஷின் அடியிலேயே படுத்துத் தூங்குகிறவர். ஊர் எப்படிப் போனதோ என்று தெரியாமல், டீசல் எவ்வளவு தூரம் வரும் என்று கணக்குப் போடுகிற மனிதர் அவர்.

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். கையில் கொக்கி. இது போதுமா?
- வாசகர், வலங்கைமான்

கொக்கி நல்ல ஆயுதம், கை பழகியது, விரல் மாதிரி. ஆனால் இவருடைய உண்மையான பலம் தோள். 40 கிலோ மூட்டையை நாள் முழுக்கத் தூக்கியவர், காலில் அடிபட்டவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார், மூச்சு வாங்காது. அப்புறம், அட்டி போடத் தெரிந்தவர். மூட்டையை மாற்றி மாற்றி அடுக்கி ஆள் உயரத்துக்குச் சரியாமல் நிறுத்துவது அவர் தொழில். ஒரு இரவுக்குள் நெல் மூட்டையால் சுவர் எழுப்புவார். எடை போடாமல் பத்து நாளாகத் திறந்தவெளியில் கிடந்து முளைவிட்ட நெல் அது. அந்த நெல்லுக்குச் சொந்தக்காரர் அதே சுவருக்குப் பின்னால் நிற்கட்டும்.

என் கதையில் லஸ்கர் ஒருவர், ஆற்று மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குகிற ஊழியர். ஆயுதம் தோன்றவே இல்லை.
- வாசகர், திருக்காட்டுப்பள்ளி

ஷட்டரைத் திருகி ஏற்றுகிற இரும்புக் கைப்பிடி அவர் கையிலேயே இருக்கிறது. ஆனால் அதால் மண்டையில் அடிக்க வேண்டாம், அதன் வேலையையே செய்யட்டும். வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள் போல ஆகும். அதுவரை ஆறு வெறும் மணல், ஜாம்பி நேராக நடந்து வரலாம். ஊர்க்காரர்களை அக்கரையில் சேர்த்துவிட்டு அவர் மட்டும் மதகில் உட்கார்ந்து தண்ணீருக்குக் காத்திருக்கிறார், மேட்டூரில் திறக்க யாராவது உயிரோடு இருந்தார்களா என்று தெரியாமல்.

என் அப்பா தவில் வாசிப்பவர். அவர் மாதிரி ஒருவரை வைத்து எழுதுகிறேன். கதையைச் சொன்னபோது "நான் யாரையும் அடிக்க மாட்டேம்மா, வர்றவங்க எல்லாம் நம்ம வாசிப்பைக் கேட்டவங்கதானே" என்றார். இவர் கையில் எதைக் கொடுப்பேன்?
- வாசகி, திருவிடைமருதூர்

அப்பா சொன்னதை அப்படியே கதையில் வையுங்கள், ஒரு எழுத்து மாற்ற வேண்டாம். அவர் கையில் தவிலையே கொடுங்கள்.

சத்தத்துக்கு வருகிறார்கள் என்பதுதானே விதி. இந்தக் கடிதங்களில் எல்லோரும் சத்தத்துக்குப் பயப்படுகிறார்கள், உங்கள் அப்பா ஒருவர்தான் அதை வேண்டுமென்றே எழுப்பக் கூடியவர். ஊர் ஜனம் தெற்கே கிளம்ப வேண்டும் என்றால் அவர் வடக்கே போகிறார், கொள்ளிடம் கரைக்கு. இரவு, காற்று இல்லை, தவில் சத்தம் மணல் தாண்டி எவ்வளவு தூரம் கேட்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றங்கரை ஈரத்தில் தோல் தளரும், நாதம் இறங்கும், அதை அவர் இருட்டில் தட்டிப் பார்த்தே இழுத்துக் கட்டுவார். வலக்கை விரல்களில் கூடு, அதாவது கெட்டியான விரலுறை, மாட்ட வேண்டும், இடக்கையில் பூவரசங் கழி. கூட்டை அவசரத்தில் மாட்ட முடியாது, ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்துதான் மாட்டுவார், நீங்கள் சின்ன வயதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தை நிதானமாக, விரல் விரலாக எழுதுங்கள். அவருக்குப் பின்னால் ஊர் மெதுவாகக் கிளம்பிக்கொண்டிருக்கிறது.

என்ன வாசிப்பார்? சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் தவில் மட்டும் தனியாக அலாரிப்பு. வருஷா வருஷம் அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டை விட்டு வெளியே வந்து சாமிக்குப் பின்னால் நடந்த கால்கள்தான் இப்போதும் வருகின்றன, நாலு வீதியிலிருந்தும்.

அலாரிப்பு முடிகிற இடத்தில் நாதஸ்வரம் எடுக்க வேண்டும். முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த நாதஸ்வரக்காரர் ஜனங்களோடு தெற்கே போகிறாரா, இல்லை வண்டியிலிருந்து இறங்கி ஆற்றுப் பக்கம் நடக்கிறாரா? அப்பாவிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழ் முடிக்காமல் வைத்திருக்கிறேன்.